பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்போரையும் கணக்கில் எடுங்கள்

2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். அதிலிருந்து துன் சம்பந்தன் சாலைக்குச் செய்யப்படும் எதுவும் வந்துபோகிறவரை மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. வளைவும் விளக்கும் வந்தன, வரட்டும். மாடியிலும் பின்தெருவிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு என்ன வந்தது?

பிரிக்பீல்ட்ஸ் வெறும் கடைத்தெரு அல்ல. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடிய பிறகு, நகரை மீண்டும் கட்ட இங்கே செங்கல் சூளைகள் எழுந்தன. ரயில்வே வந்தது, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் இங்கேயே குடும்பம் வளர்த்தார்கள். அவர்கள் வாழ்ந்த 'நூறு குவாட்டர்ஸ்' இடிக்கப்பட்டுவிட்டது. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. சுற்றிலும் ஹோட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் உயர்ந்தன. நாட்டின் பழைய கடைவீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அரணாக நின்ற 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் 1997இல் நாடாளுமன்றம் நீக்கியது.

இங்கே 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளியே வந்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். கட்டடம் தப்பியது, மகிழ்ச்சி. ஆனால் பாரம்பரியச் சட்டம் காப்பது சுவரையும் கூரையையும்தான். பக்கத்துத் தெருவில் வாடகை கட்ட முடியாமல் வெளியேறும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டை இது. உடம்புபிடித்துவிடும் தொழிலில் இருக்கும் பார்வையற்றவர்கள் பலர் இங்கேதான் பிழைக்கிறார்கள். நடைபாதையில் பதித்த மேடுபள்ளக் கற்களைக் கோலால் தடவித்தான் அவர்கள் வழி அறிகிறார்கள். அந்தத் தடத்தின்மேல் மோட்டார் சைக்கிளையோ கடைச் சாமானையோ வைப்பவர் ஒரு மனிதரின் வழியை அடைக்கிறார். இதற்கு விழாக்கால எச்சரிக்கை போதாது, அன்றாட அமலாக்கம் வேண்டும்.

வந்துபோகிறவருக்காகவே மாறிய வெனிஸ் என்ன ஆனது? 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த அதன் பழைய நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் பயணிகளின் தங்கும் அறைகளாகின. அதே ஆபத்தை உணர்ந்த ஆம்ஸ்டர்டாம், சொந்த வீட்டைப் பயணிகளுக்கு விடுவதற்கு ஆண்டில் 30 இரவு என்று வரம்பு போட்டது.

கோலாலம்பூர் மாநகர் மன்றமும் அத்தகைய வரம்பை பிரிக்பீல்ட்ஸுக்கு வகுக்க வேண்டும். இங்கே எழும் ஒவ்வொரு புதிய கோபுரத்திலும், இதே வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவருக்குக் கட்டுப்படியாகும் வீடுகளை ஒதுக்கச் சொல்ல வேண்டும். தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் நின்று, மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. வழக்குமன்றப் படி ஏறும்வரை பிரிக்பீல்ட்ஸ் மக்களைக் காக்கவைக்காமல், அனுமதிக்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். சொந்தக்காரரோடு வாடகைக்காரரையும் சேர்த்து.