முடிச்சுப் போடாத பின்னல்



தனி ஊசலின் அலைவு நேரத்துக்கான சூத்திரத்தை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் உங்களில் பலர் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்த ஊசலின் குண்டை நூலில் கட்டித் தொங்கவிடச் சொன்னால்? பெரம்பலூரில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தரும் நான், ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு ஆய்வுக்கூட வகுப்பில் இந்தக் காட்சியைக் காண்கிறேன். பள்ளித் தேர்வில் நிறைய மதிப்பெண் வாங்கி வந்த மாணவர், நூலையும் குண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட உதவியாளரைத் தேடிப் போவார். உதவியாளர் ஒரு நொடியில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர்!

இதில் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நான் பள்ளியில் படித்த நாளில் கைத்தொழில் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் அடிக்கடி வாங்கிக்கொள்வார். "ராட்டையா சோறு போடப் போகிறது?" என்று நாங்களும் மகிழ்ந்தோம். எதை இழந்தோம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. புரிய வைத்தது லேஸ் பின்னல்.

லேஸ் என்றதும் குரோஷா ஊசி நினைவுக்கு வரலாம். அது வேறு. அதில் ஒரு கொக்கி ஊசியும் ஒரே நூலும் போதும். நான் சொல்வது பாபின் லேஸ். தலையணையின் மேல் வைத்துப் பின்னுவதால் தலையணை லேஸ் என்றும் சொல்வார்கள். வைக்கோலை இறுக்கித் திணித்த ஒரு திண்டு. அதன் மேல் புள்ளி புள்ளியாய்த் துளையிட்ட ஓர் அட்டை. அதுதான் கோலத்துக்கு வரைபடம். ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு சிறு மரக்கட்டை. நூல் அதில் சுற்றப்பட்டிருக்கும். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தார்க்குச்சியை நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து மாற்றி மாற்றிப் போட்டு, பின்னல் நழுவாதபடி அட்டையின் துளைகளில் குண்டூசி குத்திக்கொண்டே போகவேண்டும். முடிந்ததும் ஊசிகளைப் பிடுங்கிவிடலாம். லேஸ் அப்படியே நிற்கும்.

இது ஐரோப்பாவில் வளர்ந்த கலை. ஆனால் தமிழ் மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1820-களில் அங்கே லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844-இல் மணந்துகொண்டவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தான். எலைசாவோடு இந்தக் கலையும் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போயிற்று. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி முற்றிலும் ஒழிந்தது 1855-இல். மால்ட் அம்மையாரின் பள்ளியில் அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாற்றில் படிக்கிறோம். நான்கு நூலை மாற்றி மாற்றிப் போடுவது அந்தச் சிறுமிகளுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும்!

இலங்கையின் தென்கரையில் காலி, வெலிகம பகுதிகளிலும் இந்தப் பின்னல் உண்டு. அங்கே இதைப் 'பீரளு' என்கிறார்கள். நூற்கட்டைக்குப் போர்த்துக்கீசியர் வழங்கிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் பள்ளி விழாவில் பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்களே. மேலேயிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாகச் சுற்றி ஆடுவார்கள். ஆட ஆட மேலே சடை விழும். பிறகு அதே அடிகளைப் பின்னோக்கி, கடைசியாக வைத்த அடியை முதலாவதாக எடுத்து ஆடுவார்கள். சடை அவிழ்ந்துவிடும். ஆடுகிற பெண்கள்தான் நூற்கட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதுவே பாபின் லேஸ்.

இப்போது செய்முறைக்கு வருவோம். இந்தக் கலை முழுவதற்கும் அடிப்படை இரண்டே அசைவுகள்தாம். நான்கு நூல்கள் தொங்குகின்றன. இடமிருந்து வலமாக அவற்றின் இடங்களுக்கு 1, 2, 3, 4 என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எண் இடத்துக்கு, நூலுக்கு அல்ல. நடு நூல்கள் இரண்டில், 2-ஐ 3-இன் மேலாகப் போடுவது 'குறுக்கு'. ஒவ்வொரு சோடியிலும் வலது நூலை இடது நூலின் மேலாகப் போடுவது, அதாவது 2-ஐ 1-இன் மேலும் 4-ஐ 3-இன் மேலும் போடுவது, 'முறுக்கு'. குறுக்கு, முறுக்கு என்று செய்தால் அரைத் தையல். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணித் தையல். துணி நெய்தது போலவே இருக்கும். நூறு கட்டைகள் வைத்துப் பூவும் கொடியும் பின்னுகிறவரும் ஒரு நேரத்தில் கையாள்வது பெரும்பாலும் நான்கே கட்டைகள்தாம்.

குறுக்கில் இடது நூல் மேலே போகிறது. முறுக்கில் வலது நூல் மேலே போகிறது. இதை நன்றாகக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை!

முதன்முதலாக நான் பின்னியபோது சன்னல் கம்பியில் நான்கு நூல்களைக் கட்டி, முனைகளில் துணி உலர்த்தும் கிளிப்புகளை மாட்டிக்கொண்டேன். எல்லா இடத்திலும் இடது நூலையே மேலாகப் போட்டேன். 40 அரைத் தையல்கள். பார்வைக்கு அழகான பின்னல்தான். மறுநாள் என் மகளிடம் காட்டுவதற்காக நான்கு கிளிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன். பின்னல் தளர்ந்தது. இன்னும் திருப்பினேன். பத்தாவது சுற்றில் பின்னலே இல்லை! நான்கு நூல்கள், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை போல, இணையாகத் தொங்கின. ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு போயிற்று. மகள் சிரித்தாள். எனக்கோ அன்று தூக்கம் வரவில்லை.

ஏன் பத்துச் சுற்று? தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு அரைத் தையலில் 1-ஆம் இடத்து நூல் 2-க்குப் போகிறது. 2-இல் இருந்தது 4-க்கு. 4-இல் இருந்தது 3-க்கு. 3-இல் இருந்தது 1-க்கு. ஆக, 4 தையல்களில் ஒவ்வொரு நூலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. எல்லாக் கடப்புகளும் ஒரே பக்கமாக இருந்தால், அந்த நான்கு தையல்களும் சேர்ந்து செய்வது ஒரே ஒரு காரியம்தான்: நூல் கற்றையை ஒரு முழுச் சுற்று முறுக்குவது. 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10. நான் பின்னியது பின்னலே அல்ல. வெறும் கயிறு முறுக்கியிருக்கிறேன்.

சரியான முறையில் பின்னினாலும் நான்கு தையல்களில் நூல்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பத்தான் செய்கின்றன. ஆனால் எத்தனை முறை சுற்றினாலும் பின்னல் அவிழாது. இரண்டிலும் நூல்கள் நிற்கும் இடம் ஒன்றே; வந்த வழிதான் வேறு. இந்த வேற்றுமையைக் கணக்காக்கியவர் ஜெர்மனியில் பணியாற்றிய எமில் ஆர்ட்டின் என்னும் கணித அறிஞர். 1925-இல் அவர் தொடங்கிவைத்த 'பின்னல் குலம்' என்ற கணிதம் இன்று பெரிய துறை. நூல்களுக்குப் பதிலாகத் தளத்தில் நகரும் சிலவகைத் துகள்களின் பாதைகளைப் பின்னலாக எண்ணி, அந்தப் பின்னலைக் கொண்டே குவாண்டம் கணிப்பொறி அமைக்கலாம் என்று 1997-இல் அலெக்சி கிதாயேவ் எழுதினார். சடை பின்னத் தெரிந்த உங்கள் தங்கை இதை நம்பமாட்டாள்.

அடுத்து, ஊசிகளைப் பிடுங்கிய பிறகும் லேஸ் ஏன் நிற்கிறது? நடுவில் எங்கும் முடிச்சு இல்லை. தொடக்கத்திலும் இறுதியிலும் கட்டுவதோடு சரி. இதற்கு விடை நம் ஊர் மாட்டுக்காரரிடம் இருக்கிறது. முரட்டுக் காளையின் கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை ஒரு கையால் பிடித்தபடி அவர் நிம்மதியாக நிற்பார். ஒரு பொருளைச் சுற்றிய கயிற்றில் உராய்வு கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. பெருக்கல் கணக்கில் வளர்கிறது. உராய்வு எண் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றில் உங்கள் இழுவிசை சுமார் 6.6 மடங்கு விசையைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 280-க்கும் மேல். லேசில் ஒவ்வொரு நூலும் அடுத்தடுத்த நூல்களைச் சிறிது சிறிதாக வளைந்து செல்கிறது. அந்தச் சிறு வளைவுகளெல்லாம் சேர்ந்து சுற்றுகளாகின்றன. கட்டையின் எடைக்கும் இங்கேதான் வேலை. அது நூலைச் சீராக இழுத்துப் பிடிக்கிறது. இங்கிலாந்தின் சில பகுதிகளில் கட்டையின் முனையில் கண்ணாடி மணிகளைக் கோத்துவிடுவார்கள். எடையும் கூடும், கட்டை உருண்டு ஓடுவதும் நிற்கும்.

கைப்பேசியில் இதைக் கற்றுத்தரும் படங்கள் நிறைய உண்டு. பாருங்கள், தவறில்லை. ஆனால் அவற்றில் பின்னுகிறவர் தவறு செய்வதே இல்லை. நாம் தவறித்தான் கற்கிறோம். புதிய தையல் ஒன்றைப் பார்த்ததும் அதற்குத் தாவிவிடுகிறோம். என் கருத்தைச் சொல்லட்டுமா? ஒரு தையலில் எங்கே பிழை என்பதைத் தொலைவிலிருந்தே உங்கள் கண் கண்டுபிடிக்கும்வரை அடுத்ததற்குப் போகவேண்டாம். அரைத் தையலை வேண்டுமென்றே தவறாகப் பின்னிப் பாருங்கள். அவிழ்த்துப் பாருங்கள். கோலாட்டக்காரர்களைப் போல ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் அளவீடு தவறினால் பக்கத்து மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதும் பழக்கம், இதைச் செய்தவர்களுக்கு வராது என்று நினைக்கிறேன்.

"சார், இது பெண் பிள்ளைகள் வேலையாயிற்றே?" என்று சில மாணவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கயிறு திரிப்பவர், வலை பின்னுபவர், நாடாக் கட்டில் பின்னுபவர் எல்லாம் யாராம்? ஆண் செய்தால் தொழில், பெண் செய்தால் பொழுதுபோக்கு என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். இந்தப் பெயர் வெறும் பெயரோடு நிற்பதில்லை. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாட்டுச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அந்தப் பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அதனாலேயே அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு என்று அவர் காட்டினார். ஆகவே, பொழுதுபோக்காகப் பின்னுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சம் உண்டு. உங்களுக்கு இது பொழுதுபோக்கு. வயிற்றுக்காகப் பின்னியவர்களுக்கு அப்படி இல்லை.

இதில் பணம் வரும் என்றும் நான் ஆசை காட்டமாட்டேன். 1809-இல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் லேஸ் வலையை இயந்திரத்தால் பின்னக் காப்புரிமை பெற்றார். எப்படி? கையால் பின்னுகிறவர்களின் நூல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒரு பகுதி நூல்கள் நெடுக்கே போகின்றன, மற்றவை அவற்றைச் சுற்றிக்கொண்டு சாய்வாகப் போகின்றன என்று கண்டுபிடித்தார். 1816-இல் அவருடைய தொழிற்சாலையை இயந்திர எதிர்ப்பாளர்கள் உடைத்தார்கள். அவர் வேறு ஊருக்குப் போய் மறுபடி தொடங்கினார். இன்று கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் லேஸ் இயந்திரத்தில் வந்ததுதான். கையால் ஒரு சாண் பின்னுவதற்குள் இயந்திரம் ஊருக்கே பின்னிவிடும். ஆனால் ஹீத்கோட்டுக்கு அந்த இயந்திரம் தோன்றியது, கை எப்படிப் போகிறது என்று பார்த்ததால் அல்லவா?

தேவையான பொருள்களைப் பெரம்பலூர்ச் சந்தையிலேயே வாங்கலாம். பழைய தலையணை உறையில் மரத்தூளையோ வைக்கோலையோ கல்போல் இறுக்கித் திணியுங்கள். கட்டைக்குப் பென்சில் துண்டுகளோ துணிக் கிளிப்புகளோ போதும். எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கட்டும். மெல்லிய தையல் நூல் முதலில் வேண்டாம், கண் வலிக்கும். தடித்த பருத்தி நூல், நான்கு நிறங்களில், வாங்கிக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தாளும் குண்டூசியும் உங்கள் பையிலேயே இருக்கும்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. மூன்று வண்ண நாடாக்களைச் சன்னல் கம்பியில் கட்டுங்கள். சடை பின்னுவது போல, வலது நாடாவை நடு நாடாவின் மேலாகவும் பிறகு இடது நாடாவை நடு நாடாவின் மேலாகவும் மாற்றி மாற்றி 12 முறை பின்னுங்கள். அதுதான் சரியான சடை, சுற்றினால் அவிழாது. இப்போது வேறு மூன்று நாடாக்கள். இம்முறை வலது நாடாவை நடு நாடாவின் அடியில் விடுங்கள். இடது நாடாவை வழக்கம்போல் மேலாகப் போடுங்கள். இதையும் 12 முறை. கீழ் முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் எத்தனையாவது சுற்றில் இது அவிழும்? முதலில் தாளில் கண்டுபிடியுங்கள். பிறகு நாடாவைச் சுற்றிப் பாருங்கள்.