ரயிலா, காரா?

அமெரிக்காவில் அசல் சர்வதேச நகரம் எது... நியூயார்க்கா, லாஸ் ஏஞ்சலிஸா? அந்த ஊர்க்காரர்கள் இருவரை ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேட்டுவிடாதீர்கள். காபி ஆறிவிடும்!

தலைக்கணக்கில் மேட்ச் டிரா ஸார். இரண்டு ஊரிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 'எங்ககிட்ட ஐ.நா. சபையே இருக்கு' என்பார் நியூயார்க்காரர். மற்றவர் கொரியா டவுன், தாய் டவுன், லிட்டில் ஆர்மீனியா, லிட்டில் எத்தியோப்பியா என்று லிஸ்ட் வாசிப்பார்.

என் ஓட்டு நியூயார்க்குக்கு. ஐ.நா.வுக்காக இல்லை, 7-ம் நம்பர் ரயிலுக்காக! மன்ஹாட்டனிலிருந்து குவீன்ஸ் வழியாகப் போகும் அதற்கு 'இன்டர்நேஷனல் எக்ஸ்பிரஸ்' என்றே செல்லப்பெயர். கொலம்பியாக்காரர் தோளில் கொரியாக்காரர் தூங்கி வழிவார். ஜாக்ஸன் ஹைட்ஸில் இறங்கினால் ஜிலேபி. கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங்கில் வரிசையாகச் சீனக் கடைகள். சற்றுத் தள்ளி 1977-ல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோயில். அங்கே கேன்டீனில் தோசை!

லாஸ் ஏஞ்சலிஸிலும் இத்தனை பேரும் இருக்காங்க. ஆனா பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போவது காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவரவர் பாட்டைக் கேட்டபடி.

ரயில் ஓடினால் சண்டையே வராதா? வரும். 1991-ல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸில் கலவரம். 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் கொரியர்களின் கடைகள் எரிந்தன. ஆனால், ரயில் ஊரில் மறுநாள் காலை ஆபீஸுக்குப் போக, முறைத்துக்கொண்டவன் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கணுமே!

ஊரில் எத்தனை நாட்டுக்காரர்கள் என்பதை சென்ஸஸ் பார்த்துக்கொள்ளட்டும். யார் தோளில் தைரியமாகத் தூங்கலாம்... அதுதான் ஸார் என் கணக்கு.