முடி நடும் சிகிச்சையும் மறைக்கப்படும் புகையும்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் நம் இளைஞர்கள் சிலர், நிக்காஹ் பேச்சு தொடங்கும் முன்பே முடி நடும் சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுகின்றனர். இதனைக் கேலி செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. வழுக்கையைச் சொல்லி மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கத்தானே செய்கின்றன? பிறர் முடியை ஒட்டவைப்பது வேறு, தன் பின்தலை முடியையே முன்னால் நடுவது வேறு. இழந்ததை மீட்கும் பின்னதை இக்கால உலமாக்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஆகவே அவ்விவாதத்தை இங்கே நீட்டவில்லை. நாம் பேச விழைவது, சிகிச்சைக்குச் செல்பவரின் சட்டைப் பையிலிருக்கும் சிகரெட்டைப் பற்றியே.

நடப்பட்ட முடிவேருக்கு முதல் சில நாள்கள் தனக்கென இரத்த நாளம் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வரும் பிராணவாயுவைக் கொண்டே அது உயிர் தரிக்கிறது. அதன் பின்னரே புதிய நுண்நாளங்கள் அதனை வந்தடைகின்றன. அந்நாள்களில் புகைத்தால், நிக்கோட்டின் தோலின் நுண்நாளங்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காயம் ஆறத் தாமதமாகலாம். வேர்களில் ஒரு பகுதி பிழைக்காமற் போகலாம். அரிதாக, நட்ட இடத்துத் தோலே கருகிவிடுவதும் உண்டு. பின்தலையில் எடுக்கத்தக்க வேர்களோ அளவுக்குட்பட்டவை; செலவழித்த பணத்தை மீண்டும் ஈட்டலாம், பட்டுப்போன வேரை ஈட்ட இயலாது.

இதனால்தான் மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களேனும் புகையை விடச் சொல்கின்றனர். சிகரெட்டை விட்டு ஷீஷாவுக்கு மாறுவது தீர்வாகாது. கரி எரிவதால் அதிலும் கார்பன் மோனாக்சைடு மிகுதி. தண்ணீர் அதனை வடிகட்டுவதில்லை. மின்சிகரெட்டிலும் பெரும்பாலும் நிக்கோட்டின் உண்டு. இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம்: நட்ட முடி 2 முதல் 6 வாரங்களில் உதிர்வது இயல்பே. 3, 4 மாதங்களில் புதிது முளைக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டாகும். உதிர்வைக் கண்டு மனமுடைந்து மறுபடியும் சிகரெட்டைத் தேட வேண்டியதில்லை.

ரமளானில் ஸஹரிலிருந்து மக்ரிப் வரை புகையின்றி இருப்பவர், தம்மால் முடியாது என்று சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. (இஃப்தாரின் பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்குமுன் பள்ளிவாசல் சந்துக்கு ஓடுவோரை நாம் அறிவோம்.)

ஆயினும் பெரிய இடையூறு வேறொன்று. "புகைப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது, பக்கத்தில் வாப்பாவோ மச்சானோ அமர்ந்திருக்கிறார். "இல்லை" என்கிறான் பிள்ளை. உண்மை தெரிந்திருந்தால் மருத்துவர் நாளைத் தள்ளிவைத்திருப்பார், அல்லது வேர்களை அவ்வளவு நெருக்கமாக நடாதிருந்திருப்பார். மரியாதை கருதிச் சொன்ன அந்தப் பொய், அமானிதமான உடலைக் கத்தியின் கீழ் ஏமாற்றத்துடன் கிடத்துகிறது. புகைத்தல் ஹராமா, மக்ரூஹா என்ற கருத்து வேறுபாடு எப்படியிருப்பினும், மருத்துவரிடம் பொய்யுரைப்பதற்கு அதில் இடமில்லை.

கண்ணியத்திற்குரிய பெற்றோரே, அக்கேள்வி கேட்கப்படும் ஐந்து நிமிடங்கள் நீங்கள் வெளியே அமருங்கள். வீடு திரும்பும் வழியில், உள்ளே என்ன பேசினாய் என்று துருவவும் வேண்டாம்.