தாரா, கான்கிரீட்டா? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

ரன்வேக்கு என்ன போடணும்னு கேட்டா சிவில் டிபார்ட்மென்ட்ல உடனே ரெண்டு கட்சி பிரிஞ்சிடும்: தார் கட்சி, கான்கிரீட் கட்சி. வாகைக்குளத்துல தூத்துக்குடி ஏர்போர்ட்டோட ரன்வே 1,350 மீட்டர்ல இருந்து 3,115 மீட்டர் ஆச்சு. புது டெர்மினலும் 2025 ஜூலை 26 அன்னைக்குத் திறந்தாச்சு. அதுல இருந்து நம்ம பக்கத்துல இந்தச் சண்டை இன்னும் ஜோர்.

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. முன்னாடி வந்துட்டு இருந்த ஏடிஆர் விமானம் சுமார் 23 டன். ஏ321 முழு லோடுல 90 டன்னைத் தாண்டும், டயர் பிரஷர் 200 பிஎஸ்ஐக்குக் குறையாது. உங்க வீட்டுக் கார்ல 32 இருந்தா அதிகம். நம்ம வெயில்ல தார் இளகும், சிந்துற எரிபொருள் அதைக் கரைச்சிடும். ஆனா தார்னா ராத்திரி சுரண்டி, புதுசா போட்டு, காலையில ஃப்ளைட் இறக்கலாம். கான்கிரீட் இறுகுறதுக்கு நாள்கணக்கா காத்திருக்கணும். அதனாலதான் நிறைய ஏர்போர்ட்ல விமானம் நிக்குற ஏப்ரனுக்குக் கான்கிரீட், ஓடுற ரன்வேக்குத் தார். சண்டை இத்தோட முடிஞ்சிருக்கணும்.

என்னைக் கேட்டா, மேல என்ன போடுறோம்ங்கிறது ரெண்டாவது கேள்விதான். எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம், அதனால இப்படிச் சொல்றேன். 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் சுமார் 800 பேரோட எங்க ஸ்டேஷன்ல நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? தண்டவாளம் உடையல, ஸ்லீப்பரும் நொறுங்கல. செய்துங்கநல்லூர் பக்கம் அடியில இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரிச்சிட்டுப் போயிடுச்சு, தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. அந்த மழைக்கு இரும்பு என்ன கிரேடுங்கிறது ஒரு பொருட்டே இல்ல.

ரன்வேயும் அப்படித்தான். அடியில தண்ணி தேங்கினா கான்கிரீட் பலகை மேல சக்கரம் ஏறும்போதெல்லாம் ஜாயின்ட் வழியா சேறு பீச்சும். கொஞ்சம் கொஞ்சமா உள்ள பள்ளமாகி, பலகை விரியும். தார்லயும் தப்பிக்க முடியாது, கல்லை விட்டுத் தார் உரிஞ்சிடும். நம்ம மாவட்டத்துல வடக்க கரிசல், தெற்க தேரி மணல். கரிசல் நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும். லேப்ல சிபிஆர் டெஸ்டுக்கு மண்ணை நாலு நாள் தண்ணியில ஊறப் போடுறோமே, அது எதுக்காம்? ரெக்கார்டுல ரீடிங் எழுதினதோட அதை மறந்துடுறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ரன்வேக்குள்ள தண்ணி வராம இருந்தா மட்டும் போதுமா? மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைச் சமப்படுத்தினா, அதுவரைக்கும் அந்த வழியா ஓடின மழைத்தண்ணி வேற எங்கயாவது போய்த்தான் ஆகணும். அது வயலா, தெருவா? வாகைக்குளம்னு ஊர் பேர்லயே குளம் இருக்கு பாருங்க.

இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ரன்வே டிசைன் எடுத்திருக்கீங்களா? தார் கிரேடைத் தேடுறதுக்கு முன்னாடி, சுத்தி இருக்குற குளங்களோட மறுகால் எந்தப் பக்கம் பாயுதுன்னு ஒரு மேப் போடுங்க. ரிவ்யூல யாரும் கேக்க மாட்டாங்க. இருந்தாலும் போடுங்க.