வீட்டுக்கு வீடு வண்டி நிற்கிறதாம்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு தயார்: "இப்பல்லாம் வீட்டுக்கு வீடு வண்டி நிக்குது. பஸ்ஸை எவன் கேக்கறான்? ரோடு போட்டாப் போதும்." ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவர்களுக்கும் இது வசதி. சிமென்ட் ரோடு போட்டால் ஓரத்தில் பெயர் போட்டுக் கல் நடலாம். நின்றுபோன சாயங்கால டவுன் பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவந்தால் கல்லை எங்கே நடுவது?

வண்டி நிற்பது உண்மைதான். சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது? வேலைக்குப் போகிறவர் காலையிலேயே அதை எடுத்துப் போய்விடுகிறார். அதன்பிறகு வீட்டில் இருப்பது பிரஷர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகவேண்டிய பாட்டி, நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க பேங்குக்குப் போகவேண்டிய மருமகள், பிளஸ் டூ படிக்கிற பெண். பாட்டியை வண்டியில் ஏற்றிப் போவதென்றால் மகன் ஒரு நாள் கூலியை விடவேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அந்தப் பெண் வெளியே வருவதற்குள் கடைசி பஸ் போயிருக்கும். அவளுக்கு டூவீலர் கணக்கில் இடமே இல்லை.

"பஸ் காலியாத்தானே ஓடுது?" என்பார்கள். எப்படிக் காலியானது? டிரைவர் இல்லை என்று ஒருநாள் ட்ரிப் கட். திருவிழா ஸ்பெஷலுக்கு வண்டி போய்விட்டது என்று இன்னொரு நாள். வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பது? ஜனம் ஷேர் ஆட்டோவுக்குப் போனது. கலெக்‌ஷன் இல்லை என்று ட்ரிப்பையே எடுத்துவிட்டார்கள். ஆளை விரட்டிவிட்டு ஆள் இல்லை என்கிற நியாயம் இது.

2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான், பஸ் வருகிற ஊருக்கு. பஸ் வராத ஊர்ப் பெண் ஆட்டோவுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறாள். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கலாம். ஆனால் அதை ஓட்டுவது தனியார். பெண்களும் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

தலைவருக்கு பஸ் விட அதிகாரம் இல்லையே என்று ஒரு சமாதானம் உண்டு. இல்லைதான், வழித்தடமும் நேரமும் போக்குவரத்துக் கழகத்தின் கையில். ஆனால் பஸ் கேட்டுப் போனால் கிளை மேலாளர் முதலில் சொல்வது என்ன? "வண்டி திருப்ப இடமில்லை." ஊர் முனையில் பொது இடத்தை அடைத்து நிற்கிற வைக்கோல் போரை எடுக்கச் சொல்ல ஊராட்சியால் முடியும். பெரும்பாலும் அந்தப் போர் யாரோ வேண்டப்பட்டவருடையது. அதனால் வாய் திறப்பதில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கவும் யாரும் தடுக்கவில்லை.

இத்தனைக்கும் ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. வாக்குறுதி மட்டும் இன்னும் பைக் ஓட்டுகிறவருக்குத்தான்.

வேண்டுமானால் ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் பாருங்கள். நடக்கமுடியாத பாட்டியின் வாசலுக்கு இரண்டு வேட்பாளர்களின் ஆட்டோவும் போட்டிபோட்டு வரும். வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறதே, இவளை எதற்கு ஏற்றவேண்டும் என்று அன்றைக்கு மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.