நூற்கண்டும் பாரந்தூக்கியும்

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு கைவேலைப் பாடவேளையில் பாரந்தூக்கி மாதிரி ஒன்றைச் செய்தோம். "பெண்பிள்ளைகளுக்குச் சுத்தியலும் ரம்பமும் எதற்கு? பூத்தையல் போதாதா?" என்று பெற்றோரில் சிலர் கேட்டனராம். பூத்தையலை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லர். எங்கள் பாரந்தூக்கியின் கப்பிகளே தையல் பெட்டியிலிருந்து வந்தவைதாம்: நூல் தீர்ந்துபோன கண்டுகள்! அச்சாக அமைந்தது பழைய சைக்கிள் கம்பி. கயிறாக ஓடியது குரோஷா நூல். தையலா, தச்சா என்ற வழக்கு எங்கள் மேசையில் எழவேயில்லை.

எங்களுக்கு வருத்தம் தருவது வேறு. கண்காட்சி என்றதும் மாதிரிகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் அண்ணன்மார்; இல்லையேல் அவை கடையிலிருந்து வருகின்றன. வர்ணம் பளபளக்கிறது. ஒரு சிறு கல்லைத் தூக்கச் சொன்னாலோ கை தொங்கிவிடுகிறது. எனினும் பரிசு அதற்கே போகிறது. பாரம் தூக்காதது எப்படிப் பாரந்தூக்கியாகும்?

தானே செய்பவளுக்குத்தான் கேள்விகள் பிறக்கின்றன. தூணுக்கு முன்னே 40 செ.மீ. தூரத்தில் 200 கிராம் கல் தொங்குகிறது. பின்புறம் 10 செ.மீ. தூரத்தில் எவ்வளவு மணல் கட்ட வேண்டும்? 800 கிராம் என்று கணக்கு விடை சொல்கிறது. சரி, கல்லை இறக்கியவுடன் அந்த 800 கிராம் என்ன செய்யும்? முழுவதையும் பின்னால் இழுக்கும்! ஆகவே எதிர்ப்பாரத்தை ஏறக்குறையப் பாதியாக வைத்து, மீதியைத் தாங்க அடிப்பலகையை அகலமாக்கினோம். வினாத்தாளில் முதற்கேள்வி மட்டுமே வரும். இரண்டாவதைக் கேட்டது மரமும் மணலும்தான். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டினால் விரல் பட்டதும் சாய்கிறது. மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியைக் கட்டினால் அசைவதில்லை. முக்கோணத்தின் உறுதியை அன்று விரலால் அறிந்தோம்.

மேலைநாட்டுப் பேராலயங்களைப் படத்தில் பார்த்து வியக்கிறோம். அக்கற்கள் எவ்வாறு மேலே சென்றன என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் 1248-இல் தொடங்கப்பெற்ற கொலோன் பேராலயத்தின் வேலை இடையில் நின்றுபோனது. முடியாத தெற்குக் கோபுரத்தின் மேல் மரப் பாரந்தூக்கி ஒன்று ஏறக்குறைய 400 ஆண்டுகள் அந்நகரின் அடையாளமாகவே நின்றது. 1868-இல் அதை அகற்றினர். 1880-இல் பேராலயம் நிறைவுற்றது. அக்காலப் பாரந்தூக்கிகளில் பெரிய மரச்சக்கரத்தினுள் ஆட்கள் நடந்து நடந்தே கல்லை உயர்த்துவார்கள். பெரிய வட்டத்தில் சிறு விசை, சிறு அச்சில் பெரும் பாரம். எங்கள் கைப்பிடியின் தத்துவமும் அதுவே.

ஆகவே அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கண்காட்சியில் நடுவர்கள் ஓர் எடைக்கல்லுடன் வரட்டும். செய்தவளே அதைத் தூக்கிக் காட்டி, ஏன் கவிழவில்லை என்று விளக்கட்டும். வர்ணத்துக்கு வேண்டுமானால் ஓரிரு மதிப்பெண் தரலாம். ஆறாம் வகுப்புத் தங்கையருக்கும் இந்தப் பாடவேளை கிடைக்க வேண்டும். அதற்கு இரண்டு ரம்பங்கள், இரண்டு சுத்தியல்கள், ஒரு கட்டிங் பிளையர், ஒரு கை டிரில் போதும். நூற்கண்டுகளை நாங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம்.