மூன்று மனு, மூன்று ஜோடி ஷூ

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

உங்கள் கல்லூரி கோ-கோ அணியில் ஆடும் ஒரு பெண்ணின் தகப்பன் நான். அணிக்கு ஷூ கேட்டு மூன்று மனு கொடுத்தேன். முத்திரை விழுந்ததோடு சரி. விளையாட்டுக் கட்டணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் பழகுவது செம்மண் தரையில், வெறுங்காலோடு. போட்டியோ மேட் விரித்த களத்தில். அணிக்கு இருந்தது மூன்று ஜோடி ஷூ. அதுவும் பிள்ளைகளே காசு போட்டு வாங்கியது. பிடிபடாமல் ஓடுபவர்கள் மும்மூன்று பேராக இறங்குவார்கள். மூன்றாவது பெண் அவுட்டானதும் அடுத்த மூவர் உடனே உள்ளே போயாக வேண்டும். ஷூவைக் கழற்றி மாட்ட நேரம் ஏது? அடுத்த மூவரில் ஒருத்தி என் மகள். வெறுங்காலோடு இறங்கினாள். கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது பெருவிரல் நகம் பெயர்ந்து வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி கேட்டேன். அது கிரிக்கெட் அணியோடு வேனில் வேறு ஊருக்குப் போயிருந்தது.

மறுநாளே ஷூ வாங்கக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். "மத்தவங்களுக்கு இல்லாதப்ப எனக்கு மட்டும் எப்படிப்பா?" பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நியாயம் இது முதல்வரே.

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 78-40 என்று வென்ற நம் பெண்கள் அணியில் இருந்த சைத்ரா, இதே மைசூரு மாவட்டம் குருபூரு கிராமத்துப் பெண். அவர் படம் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகன் சொன்னான்: அங்கே 1973 முதல் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவு; மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அந்த விதி எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் ஒரே காம்பவுண்டுக்குள் கிரிக்கெட்டுக்கு முதல் பிரிவையும் கோ-கோவுக்கு மூன்றாம் பிரிவையும் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்குகிறீர்கள். எந்த மனதோடு வாங்குகிறீர்கள்?

நாலாவது மனு எழுத மாட்டேன். ஒருநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். அந்தப் பிள்ளைகளின் பாதத்தைக் குனிந்து பாருங்கள். என் மகளும் அங்கேதான் இருப்பாள், விரலில் துணி சுற்றிக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தகப்பன்,
மைசூரு